கிளர்க்கன்வெல் மேட்டில் இத்தாலி: பண்பாட்டு நிகழ்ச்சிகள் நடத்திக் கற்றவை

இத்தாலிக்கு வெளியே நடக்கும் இத்தாலியப் பண்பாட்டு விழாக்கள் பலவற்றை லண்டனில் பார்த்திருக்கிறேன். பச்சை, வெள்ளை, சிவப்புக் கொடிகள் தொங்கும். வெனிஸ் நகரத்து முகமூடிகள் விற்பனைக்கு இருக்கும். மேசையில் பீட்சாவும் பாஸ்தாவும் பரிமாறப்படும். யாராவது ஒருவர் நேப்பிள்ஸ் பாட்டுப் பாடுவார். வந்தவர்கள் வயிறும் மனமும் நிறைந்து போவார்கள். ஆனால் வரும்போது இத்தாலியைப் பற்றி என்ன அறிந்திருந்தார்களோ, திரும்பும்போதும் அதையேதான் அறிந்திருப்பார்கள். நான் மாலை வகுப்பில் இத்தாலிய மொழி கற்றுக்கொண்டு, ஒரு கோடைக்காலம் பெருஜா நகரில் வெளிநாட்டவருக்கான பல்கலைக்கழகத்திலும் பயின்றுவிட்டு, லண்டனில் உள்ளூர் வரலாற்றில் ஈடுபாடுள்ள தன்னார்வலர் குழு ஒன்றில் சேர்ந்தேன். நூலகங்களிலும் பள்ளிகளிலும் முதியோர் மன்றங்களிலும் இந்நகரத்து இத்தாலியரைப் பற்றிய நிகழ்ச்சிகளை அக்குழு நடத்துகிறது. அந்தப் பணியில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இதுதான்: இத்தாலி முழுவதையும் ஒரு மாலைப்பொழுதில் காட்ட முயன்றால் பார்வையாளர் மனத்தில் எதுவும் நிற்பதில்லை, ஓர் ஊரையும், அந்த ஊர்க்காரர் செய்த ஒரு தொழிலையும், அவர்கள் கொண்டாடும் ஒரு நாளையும் எடுத்துக்கொண்டால் அதன் வழியாக நாடே கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது.

இதற்கான காரணம் இத்தாலியின் வரலாற்றிலேயே இருக்கிறது. இத்தாலி ஒரே அரசாக அறிவிக்கப்பட்டது 1861 மார்ச் 17 அன்றுதான்; வெனிஸ் 1866இலும் ரோம் 1870இலும்தான் அதனோடு இணைந்தன. அந்தக் காலத்தில், இன்று நாம் இத்தாலிய மொழி என்று வகுப்பில் கற்கும் மொழியைப் பேசியவர்கள் மிகச் சிலரே. மொழியியலாளர் தூல்லியோ தெ மௌரோவின் கணக்குப்படி நூற்றுக்கு இரண்டரைப் பேர். பின்னால் வந்தவர்களின் கணக்கும் பத்தில் ஒருவரைத் தாண்டவில்லை. மற்ற அனைவரும் தத்தம் வட்டாரத்து மொழியையே பேசினார்கள். 1876 முதல் 1976 வரையிலான நூறாண்டுகளில் சுமார் 2.6 கோடிப் பேர் அந்நாட்டை விட்டுப் புலம்பெயர்ந்தார்கள் என்கிறது அரசுக் கணக்கு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தம்மோடு கொண்டுபோனது தம் ஊரின் பேச்சையும், ஊர்ப் புனிதரின் திருநாளையும், அம்மா சமைத்த சோற்றின் நினைவையும்தான். வடக்கே பொலெந்தா என்னும் சோளமாவுக் களி உண்டு வளர்ந்தவரையும் சிசிலியில் வளர்ந்தவரையும் ஒரே பாஸ்தாத் தட்டைக் காட்டி அறிமுகம் செய்வது இருவருக்கும் அநீதி.

லண்டனில் இதைச் சொல்ல ஏற்ற இடம் கிளர்க்கன்வெல். கிளர்க்கன்வெல் சாலை, ரோஸ்பெரி அவென்யூ, ஃபாரிங்டன் சாலை ஆகிய மூன்றுக்கும் இடைப்பட்ட அந்தச் சரிவான சந்துகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏழை இத்தாலியர்கள் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். எந்த வட்டாரத்தவர் எந்தத் தொழிலோடு வந்தார்கள் என்பது ஏறத்தாழ வரையறுத்துச் சொல்லக்கூடியதாகவே இருக்கிறது. லூக்கா நகரைச் சுற்றிய பள்ளத்தாக்குகளிலிருந்து வந்தவர்கள் சுண்ணச் சாந்தில் சிறு சிலைகளை வார்த்துத் தலைச்சுமையாக விற்றார்கள். பார்மாவுக்கு மேலே உள்ள மலைக் கிராமத்தவர் கைப்பிடியைச் சுழற்றி இசைக்கும் தெரு ஆர்கன் பெட்டியோடு வந்தார்கள். கத்திக்குச் சாணை பிடித்தவர்கள் திரெந்தினோ பகுதியின் ரெந்தேனா பள்ளத்தாக்கினர். மொசைக் தரையும், கல்துண்டுகளைச் சாந்தில் பதித்து மெருகேற்றும் தெராட்சோ தரையும் அமைத்தவர்கள் ஃப்ரியூலிக்காரர்கள். எங்கள் கண்காட்சிகளில் முதல் பலகையாக நாங்கள் வைப்பது இத்தாலியின் பெரிய வரைபடம் ஒன்றைத்தான். ஆனால் அதில் ரோம், மிலான், வெனிஸ் ஆகிய பெயர்களைச் சிறிதாகவும், இந்தச் சிற்றூர்களின் பெயர்களைப் பெரிதாகவும் எழுதி, பக்கத்தில் அந்தந்த ஊர்க்காரர் செய்த தொழிலின் கருவியையோ படத்தையோ வைக்கிறோம். இத்தாலிய வம்சாவளியினர் யாராவது உள்ளே வந்தால் நேராக அந்த வரைபடத்தின் முன் நின்று தங்கள் தாத்தாவின் ஊரைத் தேடுகிறார்கள். இல்லையென்றால் எழுதிச் சேர்க்கச் சொல்கிறார்கள். அப்படிச் சேர்ந்த ஊர்ப்பெயர்களே எங்களுக்குப் பல குடும்பங்களின் அறிமுகத்தைத் தந்தன.

நடைப்பயணம் நடத்த விரும்புகிறவர்களுக்கும் அந்தப் பகுதி வாய்ப்பானது. அயர் ஸ்ட்ரீட் ஹில் தெருவில் தெரு ஆர்கன்களைச் செய்த கியாப்பா நிறுவனத்தின் பெயர் கட்டடத்தின் முகப்பில் எழுதப்பட்டிருக்கிறது. லேஸ்டால் தெருவில் ஜூசெப்பே மாட்சினியின் நினைவுப் பலகை உண்டு. இத்தாலியின் விடுதலைக்கும் ஒருமைக்கும் எழுதியும் போராடியும் 1837 முதல் லண்டனில் அகதியாக வாழ்ந்த அவர், 1841இல் ஹட்டன் கார்டனில் ஏழை இத்தாலியச் சிறுவர்களுக்காக ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பகலெல்லாம் தெருவில் ஆர்கன் வாசித்தும் சிலை விற்றும் எசமானர்களிடம் காசைக் கொடுத்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு அங்கே இரவில் எழுத்தறிவிக்கப்பட்டது. பெரிய தலைவரின் கதையாக இதைச் சொன்னால் பள்ளி மாணவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். தங்கள் வயதுப் பிள்ளைகள் பட்ட பாடாகச் சொன்னால் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள். கிங்ஸ் கிராஸ் அருகில் இருக்கும் லண்டன் கால்வாய் அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அது கார்லோ கத்தி என்பவரின் பனிக்கட்டிக் கிடங்காக இருந்த கட்டடம். நார்வேயிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த ஆழ்கிணறுகள் இன்றும் அதற்குள் உள்ளன. ஐஸ்கிரீமை லண்டனின் சாதாரண மக்களுக்குக் கொண்டுசேர்த்தவர்களில் முக்கியமானவர் அவர். அவரோ சுவிட்சர்லாந்தின் திச்சினோ மாநிலத்தவர். இத்தாலிய மொழி பேசியவர், இத்தாலியக் குடிமகன் இல்லை. இத்தகைய விவரங்களைச் சுருக்கத்துக்காக மறைக்கக்கூடாது. எல்லைக்கோட்டையும் பண்பாட்டையும் ஒன்றாக நினைத்திருக்கும் பார்வையாளரைச் சிந்திக்க வைப்பவை இவையே. நடைமுறையில் இரண்டு குறிப்புகள் மட்டும்: பின்னால் நிற்பவருக்குக் குரல் கேட்கும் அளவுக்குக் குழுவைச் சிறிதாக வைத்துக்கொள்ள வேண்டும், முதியவர்கள் அமர இடமுள்ள நிறுத்தம் ஒன்றையாவது முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும், ஏனென்றால் அந்த மேடு ஏறுவது எளிதல்ல.

அந்தச் சமூகத்தின் நடுவிடம் கிளர்க்கன்வெல் சாலையில் உள்ள புனித பேதுரு இத்தாலியத் தேவாலயம். ரோமாபுரிப் பழந்தேவாலயங்களின் அமைப்பில் கட்டப்பட்டு 1863 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கார்மேல் அன்னையின் திருநாளான ஜூலை 16ஐ ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து ஊர்வலம் புறப்படுகிறது. 1880களில் தொடங்கிய மரபு அது. முதல் நற்கருணை வாங்கிய பிள்ளைகள் வெள்ளை உடையில் நடக்க, விவிலியக் காட்சிகளை அமைத்த வண்டிகள் நகர, அன்னையின் திருச்சொரூபம் தெருத்தெருவாக வருகிறது. கீழே வார்னர் தெருவில் மதுவும், மசாலா திணித்துச் சுட்ட பன்றியிறைச்சியும், பொலெந்தாவும் விற்கும் சந்தை கூடுகிறது. இதற்கு வெளியாட்களை அழைத்துப் போகும்போது நாங்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு. ஊர்வலம் பார்வையாளருக்காக நடத்தப்படும் காட்சி இல்லை, நம்பிக்கையுள்ளவர்களின் வழிபாடு என்பதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுகிறோம். சொரூபம் கடந்து செல்லும்போது குறுக்கே ஓடிப் படம் எடுக்கக்கூடாது. பிள்ளைகளின் முகங்களைப் பெற்றோரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. தேவாலயத்துக்குள் போகிறவர்கள் தோள் மறையும்படி உடுத்தியிருக்க வேண்டும். தேர்த் திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் விரும்புவோமோ அப்படி என்று தமிழ் நண்பர்களிடம் சொன்னால் வேறு விளக்கமே தேவைப்படுவதில்லை. அந்த வாரத்தில் எங்கள் குழு சொந்த நிகழ்ச்சி எதையும் வைத்துக்கொள்வதில்லை. சமூகத்தின் நாட்காட்டியில் ஏற்கெனவே ஒரு நாள் இருக்கும்போது, அதற்குப் போட்டியாக நாம் ஒன்றை நடத்துவது அவர்களுடைய உழைப்பைக் குறைப்பதாகும்.

கொண்டாட்டம் என்ற பெயரில் பலரும் விட்டுவிடும் பகுதி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். 1940 ஜூன் 10 அன்று இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி பிரிட்டன் மீதும் பிரான்சு மீதும் போர் அறிவித்தார். அன்றிரவே பிரிட்டிஷ் நகரங்கள் பலவற்றில் இத்தாலியரின் கடைக் கண்ணாடிகள் உடைக்கப்பட்டன. பதினாறு முதல் எழுபது வயது வரையிலான இத்தாலிய ஆண்களில், பிரிட்டனில் இருபது ஆண்டுகளுக்குக் குறைவாக வாழ்ந்தவர்களும், பாசிசச் சங்க உறுப்பினர் பட்டியலில் பெயர் இருந்தவர்களும் கைதுசெய்யப்பட்டார்கள். அவர்களில் பலரைக் கனடாவுக்கு அனுப்புவதற்காக அரண்டோரா ஸ்டார் என்ற கப்பலில் ஏற்றினார்கள். அது ஜூலை 1 அன்று லிவர்பூலிலிருந்து புறப்பட்டது. மறுநாள் காலை அயர்லாந்துக்கு வடமேற்கே ஜெர்மனியின் யூ-47 நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. கப்பலில் இருந்தவர்களில் எண்ணூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 440க்கும் மேற்பட்டோர் இத்தாலியர்கள். சமையற்காரர்கள், பரிசாரகர்கள், ஐஸ்கிரீம் விற்றவர்கள், தேநீர்க்கடை வைத்திருந்தவர்கள். முசோலினியை எதிர்த்து லண்டனில் இயங்கிவந்த தேச்சியோ அன்சானியும் அவர்களோடு இறந்தார். எமிலியா ரொமாஞாவின் மலையூரான பார்தியிலிருந்து வேல்சுக்கு வந்து கடை நடத்திய குடும்பங்கள் பல. அந்த ஒரு சிற்றூரே இழந்தவர்களுக்கு அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிற்றாலயம் எழுப்பப்பட்டிருக்கிறது. கிளர்க்கன்வெல் தேவாலயத்தின் முகப்பு மண்டபத்திலும் நினைவுச் சின்னம் உண்டு.

இதைப் பொது நிகழ்ச்சியில் சொல்லலாமா என்று எங்கள் குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. மகிழ்ச்சியான நாளில் சாவுக்கதை எதற்கு என்று சிலர் கேட்டார்கள். சொல்லியே ஆகவேண்டும் என்பது என் கருத்து. ஆனால் சொல்லும் வரிசையில் கவனம் வேண்டும். கப்பல் மூழ்கியதிலிருந்து தொடங்கினால் அது வெறும் அனுதாபக் கதையாகிவிடும். நாங்கள் 1921இலிருந்து தொடங்குகிறோம். அந்த ஆண்டில்தான் லண்டனில் முசோலினியின் பாசிச இயக்கத்துக்குக் கிளை தொடங்கப்பட்டது. இத்தாலிக்கு வெளியே தோன்றிய தொடக்கக் கிளைகளில் அது ஒன்று. மாலைநேர இத்தாலிய வகுப்பு, பிள்ளைகளுக்குத் தாய்நாட்டில் கடற்கரை முகாம், ஊர்க்காரர்கள் கூடிப் பேச ஒரு மன்றம் ஆகியவற்றை அது கொடுத்தது. அதுவரை தூதரகத்தின் கதவைக்கூடத் தட்டியிராத குடும்பங்கள் அவற்றுக்காக உறுப்பினராயின. கொள்கையில் உறுதியோடு சேர்ந்தவர்களும் இருந்தார்கள், அதையும் மறைப்பதில்லை. பிறகு 1940இல் அந்த உறுப்பினர் பட்டியல் என்னவாயிற்று என்று சொல்லும்போது, அரங்கில் இருப்பவர்கள் தாமாகவே யோசிக்கிறார்கள். தான் பிறந்த நாட்டோடு தொடர்பு வைத்திருப்பதற்காகச் சந்தேகிக்கப்பட்ட அனுபவம் லண்டனில் இத்தாலியருக்கு மட்டும் உரியதல்ல. ஈழத்திலிருந்து வந்தவர்கள் அந்தக் கூட்டங்களில் பேசியதைக் கேட்டிருக்கிறேன்.

இந்தப் பகுதி முடிந்த உடனே பாட்டோ உணவோ வைப்பதில்லை என்பது எங்கள் ஏற்பாடு. இறந்தவர்களின் பெயர்களை ஊரோடு சேர்த்து வாசிக்கிறோம். குடும்பத்தினர் வந்திருந்தால் வாசிக்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுக்கிறோம், ஆனால் அவர்களை மேடையில் வைத்து எதுவும் கேட்பதில்லை. நிகழ்ச்சியின் உணவுப் பகுதி தனி நேரத்தில், முடிந்தால் தனி அறையில் நடக்கிறது.

குடும்பங்களிடம் நினைவுகளைக் கேட்டுப் பதிவுசெய்வது தனிக் கலை. "உங்களுக்கு எப்படி இருந்தது?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் "நன்றாகத்தான் இருந்தது" என்ற விடையே கிடைக்கும். தந்தை காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், வேலைக்குப் போகும்போது கையில் என்ன எடுத்துப் போனார், கடையில் முதலில் செய்த வேலை எது என்று பொருளையும் தொழிலையும் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். பழைய படம் ஒன்று மேசைமேல் இருந்தால் இன்னும் நல்லது. மொழியைப் பற்றியும் முன்பே யோசித்து வைக்க வேண்டும். மலையூர்க் குடும்பத்தில் பிறந்த ஒரு மூதாட்டியிடம் நான் வகுப்பில் கற்ற இத்தாலிய மொழியில் கேள்விகளைக் கேட்டேன். அவர் மிக மரியாதையாக, சுருக்கமாக, ஆங்கிலத்திலேயே விடை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய சித்தி மகள் வந்து அமர்ந்து ஊர்ப் பேச்சில் ஏதோ சொன்னதும் இருவரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் கதைகள் வந்தன. அன்று முதல், பேட்டிக்குப் போகும்போது அதே வட்டாரத்தவர் ஒருவர் உடன் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். படங்களை நாங்கள் வெளியே எடுத்துப் போவதில்லை. வீட்டிலேயே ஸ்கேன் செய்து, அங்கேயே திருப்பிக் கொடுத்து, படத்தில் இருப்பவர்களின் பெயர்களை அவர்கள் சொல்லச் சொல்ல அப்போதே எழுதிக்கொள்கிறோம்.

திருநாட்களில் எங்களுக்கு அதிகம் கற்றுத்தந்தது மார்ச் 19, இயேசுவின் வளர்ப்புத் தந்தையான புனித சூசையப்பரின் நாள். சிசிலியில் பல ஊர்களில் அன்று சூசையப்பரின் விருந்து மேசை அலங்கரிக்கப்படுகிறது. திராப்பானி மாவட்டத்தின் சலேமி என்ற ஊர் இதற்குப் பெயர்பெற்றது. அங்கே மரச்சட்டத்தின் மேல் மிர்ட்டில், லாரல் தழைகளைப் பரப்பி, ஆரஞ்சும் எலுமிச்சையும் தொங்கவிட்டு, பூவாகவும் பறவையாகவும் தச்சுக் கருவிகளாகவும் செதுக்கிச் சுட்ட ரொட்டிகளை அடுக்குகிறார்கள். தவக்காலம் என்பதால் இறைச்சி கிடையாது. பாஸ்தாவின் மேல் பாலாடைக்கட்டிக்குப் பதிலாக வறுத்த ரொட்டித் தூள் தூவும் வழக்கமும் இந்நாளுக்கு உண்டு. அது தச்சரான சூசையப்பரின் பட்டறையில் சிதறிக் கிடக்கும் மரத்தூளைக் குறிக்கிறது என்பார்கள். இயேசு, மரியா, சூசை ஆகிய மூவராக ஏழைகளையோ பிள்ளைகளையோ அமரவைத்து, அவர்கள் உண்ட பிறகே மற்றவர்கள் உண்பார்கள்.

இந்த மேசையை ஒரு பொது நூலகத்தின் கூடத்தில் வைக்க விரும்பினோம். திராப்பானிப் பகுதியிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஒரு அம்மையார் வழிகாட்ட ஒப்புக்கொண்டார். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: மேசை போட்டால் பசித்தவர் ஒருவராவது முதலில் உண்ண வேண்டும், இல்லையென்றால் அது வெறும் அலங்காரம். எங்களில் சிலருக்கு அது நடைமுறைச் சிக்கலாகத் தோன்றியது. நாங்கள், "சிஞ்ஞோரா (அம்மா), அடையாளமாக மூன்று பிள்ளைகளை உட்கார வைத்தால் போதாதா?" என்று கேட்டதற்கு, அவர் "பிள்ளைகளுக்கு வீட்டில் சோறு இருக்கிறதே!" என்று மட்டும் சொன்னார். பக்கத்தில் வீடற்றோருக்கு உணவளிக்கும் மன்றத்தோடு பேசி, அங்கு வழக்கமாக வருகிறவர்களை விருந்தினராக அழைத்தோம். அவர்களைச் சுட்டிக்காட்டாமல், பெயர் சொல்லாமல், எல்லோருக்கும் முன்பாகப் பரிமாறினோம். அந்த மேசையைப் பற்றி எத்தனை பலகைகள் எழுதி வைத்தாலும் விளங்காத ஒன்று அந்த வரிசையில் விளங்கியது. மரபைக் காட்சிக்கு வைக்கும்போது அதன் வடிவத்தை எடுத்துக்கொண்டு நோக்கத்தை விட்டுவிடுவது மிக எளிதாக நடந்துவிடுகிறது. அதைத் தடுக்கக்கூடியவர் அந்த மரபில் வளர்ந்த மனிதர்தான். ஆகவே திட்டமிடும் முதல் கூட்டத்திலேயே அவருக்கு இடம் கொடுக்க வேண்டும்.

அதே நிகழ்ச்சிக்குப் பணம் தர முன்வந்த ஓர் உணவு நிறுவனம், மேசையின் நடுவில் தன் சின்னத்தையும் தன் சாஸ் பாட்டில்களையும் வைக்கச் சொன்னது. பணம் தேவையாகத்தான் இருந்தது, இருந்தாலும் மறுத்துவிட்டோம். பணம் தருகிறவர்களோடு பேசும் முதல் நாளே, எந்த இடத்தில் பெயர் வரும், எந்த இடத்தில் வராது என்று எழுத்தில் கொடுத்துவிடுவது இத்தகைய சங்கடத்தைத் தவிர்க்கும். உணவில் இன்னொரு எச்சரிக்கை. பிரிட்டனில் பதினான்கு வகை ஒவ்வாமைப் பொருட்களை அறிவிப்பது சட்டப்படி கட்டாயம். கோதுமையும் பாதாமும் எள்ளும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் சூசையப்பர் நாளில் வறண்ட காலத்துப் பஞ்சத்தின் நினைவாக வைக்கப்படும் ஃபாவா அவரை அதில் இல்லை. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்த அவரை கடுமையான இரத்தசோகையை உண்டாக்கும். இக்குறைபாடு மத்தியதரைக்கடல் மக்களிடம் மட்டுமின்றித் தெற்காசியரிடமும் காணப்படுகிறது. எனவே அதற்குத் தனி அறிவிப்பு எழுதி, கிண்ணத்தை மேசையின் ஓரத்தில் தள்ளி வைத்தோம்.

சூசையப்பரின் மேசை எனக்கு வேறொரு வாசலையும் திறந்தது. வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றின் பெற்றோர்கள், இத்தாலியைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச அழைத்தார்கள். கொலோசியத்தையும் பைசா கோபுரத்தையும் விட்டுவிட்டு, மாந்துவாவுக்கு அருகில் காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே என்ற சிற்றூரிலிருந்து தொடங்கினேன். 1680இல் அங்கே பிறந்தவர்தான் கொன்ஸ்தான்சோ பெஸ்கி, நம் வீரமாமுனிவர். அவர் தமிழில் பாடிய 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியின் காப்பியத் தலைவன் வளன், அதாவது இதே சூசையப்பர். சிசிலியில் ரொட்டியாலும் தழையாலும் போற்றப்படும் தச்சரை ஓர் இத்தாலியர் தமிழில் விருத்தப் பாக்களால் போற்றினார் என்பதைக் கேட்டதும் பிள்ளைகளைவிடப் பெற்றோர்களே அதிகம் வியந்தார்கள். பெஸ்கி பிறந்தபோது இத்தாலி என்ற அரசே இல்லை. அவருடைய ஊர் கொன்சாகா குடும்பத்தினர் ஆண்ட தனிச் சிற்றரசு. அதே ஊருக்கு 1859 ஜூனில், பக்கத்தில் நடந்த சொல்ஃபெரினோ போரில் காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுவரப்பட்டார்கள். எந்தப் படையைச் சேர்ந்தவர் என்று பாராமல் ஊர்ப் பெண்கள் அவர்களுக்குத் தண்ணீரும் கட்டும் கொடுத்ததைக் கண்ட ஹென்றி டுனான்ட் என்ற சுவிஸ் வணிகரின் முயற்சியில்தான் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது; அதற்கான அருங்காட்சியகம் இன்று அந்த ஊரில் இருக்கிறது. மெரினாவில் நிற்கும் வீரமாமுனிவர் சிலையைப் பார்த்திருந்த பிள்ளைகளுக்கு இத்தாலியின் ஒருங்கிணைப்புப் போரும் செஞ்சிலுவையும் ஒரே ஊரின் கதையாக வந்து சேர்ந்தன. கேட்பவர்கள் யாரோ அவர்களுக்கு உண்மையான தொடர்புள்ள ஊர் ஒன்று இத்தாலியில் பெரும்பாலும் கிடைக்கும். தேடுவதற்குச் சில மாலைகளை ஒதுக்கினால் போதும்.

பள்ளிகளுக்கும் முதியோர் மன்றங்களுக்கும் ஒருசேரப் பொருந்திய நிகழ்ச்சி என்றால் அது தொம்போலாதான். நேப்பிள்ஸ் நகரில் கிறிஸ்துமஸ் காலத்தில் வீட்டார் கூடி ஆடும் இந்த ஆட்டம், நம் ஊர் மன்றங்களில் தம்போலா என்று ஆடப்படும் ஆட்டத்தின் உறவினர். ஒன்று முதல் தொண்ணூறு வரை எண்கள். நேப்பிள்சில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பொருள் உண்டு. 1 இத்தாலி, 22 பித்தன், 25 கிறிஸ்துமஸ், 33 இயேசுவின் வயது, 48 பேசும் பிணம், 90 அச்சம். கனவில் கண்டதை எண்ணாக்கி லாட்டரியில் பணம் கட்டும் பழக்கத்தோடு பிணைந்த பட்டியல் இது. வெறும் எண்ணைக் கூவாமல், பொருளைக் கதையோடு சொல்லி எண்ணைக் கண்டுபிடிக்க வைத்தால், மொழி தெரியாதவர்களும் கலந்துகொள்கிறார்கள். சீட்டில் எண்ணை மறைக்கப் பிளாஸ்டிக் வில்லைகளுக்குப் பதிலாக உலர்ந்த அவரையோ ஆரஞ்சுத் தோல் துண்டுகளையோ கொடுக்கிறோம். நேப்பிள்ஸ் வீடுகளில் அதுதான் வழக்கம், செலவும் இல்லை. பட்டியலில் பெண்களை இழிவாகப் பேசும் சில எண்கள் இருக்கின்றன. பிள்ளைகள் முன்னால் அவற்றைத் தவிர்த்தும், பெரியவர்களிடம் அவற்றைப் பற்றி வெளிப்படையாகப் பேசியும் நடத்துகிறோம்.

உதவி கேட்கத் தயங்க வேண்டியதில்லை. லண்டனில் பெல்கிரேவ் சதுக்கத்தில் இத்தாலியப் பண்பாட்டு நிலையம் இருக்கிறது. உலகின் பல பெருநகரங்களில் இத்தாலிய வெளியுறவு அமைச்சகத்தின் இத்தகைய நிலையங்கள் செயல்படுகின்றன. 1889இல் நிறுவப்பட்ட தாந்தே அலிகியேரி சங்கத்துக்கும் பல நாடுகளில் கிளைகள் உண்டு. 2001 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் உலகெங்கும் இத்தாலிய மொழி வாரம் கொண்டாடப்படுகிறது. அந்த வாரத்தோடு இணைத்தால் பேச்சாளரும் விளம்பரமும் எளிதில் கிடைக்கும். ஜூன் 2 குடியரசு நாள். 1946இல் அன்று நடந்த வாக்கெடுப்பில்தான் மன்னராட்சி வேண்டாம் என்று மக்கள் தீர்மானித்தார்கள். இத்தாலியப் பெண்கள் நாடு தழுவிய வாக்கெடுப்பில் முதன்முதலாக வாக்களித்ததும் அன்றுதான். நூலகங்களில் பெண்கள் குழுக்களோடு பேச இது மிக நல்ல தொடக்கம்.

நிகழ்ச்சி முடிந்ததும் சேர்ந்த பதிவுகளை என்ன செய்வது என்பதை நிகழ்ச்சிக்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். கிளர்க்கன்வெல் இஸ்லிங்டன், கேம்டன் என்ற இரு நகரப் பகுதிகளின் எல்லையில் இருப்பதால், குடும்பம் வாழ்ந்த தெருவைப் பார்த்து அந்தந்தப் பகுதியின் உள்ளூர் வரலாற்றுக் காப்பகத்தில் ஒலிப்பதிவையும் ஸ்கேன் செய்த படங்களையும் கொடுக்கலாம். ஒப்புதல் படிவத்தில் மூன்று கேள்விகளைத் தனித்தனியாக வைக்கிறோம்: பதிவை யார் கேட்கலாம், எப்போது முதல் கேட்கலாம், பெயர் வெளிவரலாமா. 1940 பற்றிப் பேசியவர்களில் சிலர் தங்கள் காலத்துக்குப் பிறகே பதிவைத் திறக்க வேண்டும் என்று கேட்டார்கள். அப்படியே முத்திரையிட்டு ஒப்படைத்தோம். படிவத்தைப் பதிவு முடிந்த கையோடு நீட்டாமல், ஒரு வாரம் கழித்து, மகனோ மகளோ உடனிருக்கும் நேரத்தில் கொண்டுபோய்க் கையொப்பம் வாங்குவது நல்லது. சொன்னதில் ஏதாவது ஒன்றை நீக்கச் சொல்லும் வாய்ப்பு அவர்களுக்கு அப்போதுதான் உண்மையாகக் கிடைக்கிறது.